ஏடிஎஸ்எஸ் என்று பில் போட்டு சாதா ஏரியல் கேபிளைத் தள்ளிவிடுகிறார்கள், உஷார்

சென்னைப் புறநகரில் கேபிள் டிவி, இன்டர்நெட் லைன் நடத்துபவர்கள் அடுத்த ஃபைபர் டிரம்மை இறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏடிஎஸ்எஸ் என்பது உள்ளே உலோகமே இல்லாமல், கம்பத்துக்குக் கம்பம் தன்னைத் தானே தாங்கி நிற்கும் ஃபைபர் கேபிள்.

போரூர் பக்கம் ஒரு மழைநீர்க் கால்வாயைத் தாண்டி லைன் இழுக்க வேண்டியிருந்தது. கம்பத்துக்குக் கம்பம் கிட்டத்தட்ட 100 மீட்டர். நடுவில் போஸ்ட் நட இடமில்லை, பக்கத்திலேயே ஈபி லைன் போகிறது. அதனால் ரிச்சி தெருப் பக்கம் ஒரு டீலரிடம் 100 மீட்டர் ஸ்பேனுக்கு (கம்ப இடைவெளிக்கு) 12 கோர் ஏடிஎஸ்எஸ் வேண்டும் என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதிக் கேட்டேன். பில்லிலும் ஏடிஎஸ்எஸ் என்றுதான் இருக்கிறது. விலையும் அதற்கான விலைதான்.

முறைப்படி, கேபிளைக் கம்பத்தில் இறுக்கிப் பிடிக்கும் டெட் எண்ட் கிளாம்ப் போட்டுத்தான் கட்டினோம். பருவமழைக் காற்று ஆரம்பித்ததும் கேபிள் தொய்ந்தது, வீடுகளில் நெட் விட்டுவிட்டு வந்தது. ஓடிடிஆர் (ஃபைபரில் எந்த இடத்தில் ஒளி இழப்பு என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ஓரளவு சரி, 1550-இல் கிளாம்ப் இருக்கும் இடத்தில் நல்ல இழப்பு. ஃபைபர் வளைந்து நெருக்கப்பட்டால் முதலில் 1550-தான் அடிவாங்கும்.

மீதியிருந்த கேபிளைக் கீறிப் பார்த்தோம். நடுவில் ஒரே டியூப், உறைக்குள் இரண்டு எஃப்ஆர்பி (இழை சேர்த்த பிளாஸ்டிக்) குச்சி, அவ்வளவுதான். இழுவிசையைத் தாங்கும் மஞ்சள் அராமிட் நூல் ஓர் இழைகூட இல்லை. நெருக்கமான கம்பங்களுக்கோ, ஜிஐ கம்பியோடு சேர்த்துக் கட்டவோதான் அது ஆகும்.

டீலர் சொன்ன பதில்: "உள்ள இரும்பு இல்லல்ல சார், அப்ப ஏடிஎஸ்எஸ்தானே?" இரும்பு இல்லாமல் இருப்பது பாதிதான். தன் எடையையும் காற்றையும் அந்த நீளத்துக்குத் தானே தாங்க வேண்டும், பெரும்பாலான ஏடிஎஸ்எஸ் கேபிளில் அதைச் செய்வது அந்த நூல்தான். வெட்டிய டிரம்மைத் திருப்பி எடுக்க மாட்டாராம்.

இதைவிட ஆபத்தான ஒன்றும் நடக்கிறது. எஃகுக் கம்பி சேர்ந்த ஃபிகர் எயிட் கேபிளையும் 'செல்ஃப் சப்போர்ட்' என்றே விற்கிறார்கள். அதுவும் தன்னைத் தாங்கும், உண்மைதான். ஆனால் எஃகு மின்சாரத்தைக் கடத்தும். ஈபி லைன் பக்கத்தில் அதை இழுத்தால் கம்பத்தில் ஏறும் பையனின் உயிருக்கு யார் பொறுப்பு?

ஸ்பேன் எத்தனை மீட்டர், அதிகபட்ச இழுவிசை எவ்வளவு என்று போட்ட டேட்டா ஷீட்டை பில்லோடு கேளுங்கள். டிரம்மை வண்டியிலிருந்து இறக்கும் முன்பே நுனியில் ஓரடி வெட்டிக் கீறிப் பாருங்கள், டீலரின் ஆள் எதிரிலேயே. எழுதித் தர யோசித்தால் அந்தச் சரக்கு வேண்டாம். நான் கீறிய கேபிளின் படம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.