ஏழாயிரம் படி என்றார்கள், ஆயிரம்கூடத் தேறவில்லை

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற வீடியோ கேம் தொடரில் வந்த ஸ்கைரிமில் (2011) ஒரு பெரிய மலை உண்டு. மேலே இருக்கிற மடத்துக்குப் போக ஏழாயிரம் படி ஏற வேண்டும் என்று கேமுக்குள் எல்லோரும் சொல்வார்கள். விளையாடியவர்கள் எண்ணிப் பார்த்தார்கள், ஆயிரம்கூட வரவில்லை. வைட்ரன் என்ற பெரிய நகரமும் அப்படித்தான். ஒரு தெருக் கல்யாணத்துக்கு வரும் கூட்டம்கூட அங்கே குடியிருக்காது. வெளியே சில பண்ணைகள், அவ்வளவுதான். உள்நாட்டுப் போரில் கோட்டையைப் பிடிக்க வரும் படையையும் கொஞ்ச நேரத்தில் எண்ணி முடித்துவிடலாம்.

மேப்பைப் பெரிதாக்கினால் சரியாகிவிடுமா? அதே தொடரில் 1996-லேயே செய்து பார்த்துவிட்டார்கள். அப்போது வந்த டாகர்ஃபால் கேமின் பரப்பு ஒரு லட்சத்து அறுபதாயிரம் சதுர கிலோமீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஊர், கோயில், பாதாளக் குகை எல்லாம் சேர்த்து 15,000-க்கு மேல் இடங்கள். நகரம் நகரம் மாதிரியே இருக்கும், தெருவில் வழி தவறிப் போகலாம். ஆனால் பெரும்பகுதியை அச்சில் வார்த்ததுபோல் நிரல்தான் உருவாக்கியது. பத்தாவது ஊருக்கும் நூறாவது ஊருக்கும் பெயரைத் தவிர வித்தியாசம் தெரியாது. தெருவில் நிறுத்தி வழி கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். ஊருக்கு ஊர் நடந்துபோக யாருக்கும் பொறுமை கிடையாது. வழியில் பார்க்கவும் ஒன்றும் இல்லை. எல்லோரும் ஃபாஸ்ட் டிராவல்தான், அதாவது மேப்பில் ஊரைக் கிளிக் செய்து நேராக அங்கே போய்விடுவது.

இருந்தாலும் டாகர்ஃபாலை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். அதில் தூரத்துக்கு விலை உண்டு. ஃபாஸ்ட் டிராவல் செய்தாலும் காலண்டரில் நாட்கள் கழியும். குவெஸ்டுக்கு, அதாவது கேமில் நமக்குத் தரும் வேலைக்கு, கெடு இருக்கும். போகவே கெடுவில் பாதி தீர்ந்துவிட்டால், குகைக்குள் நிதானமாகத் தேட முடியாது. கப்பலா, நடையா, இரவில் சத்திரத்தில் தங்குவதா என்று யோசித்துத்தான் கிளம்ப வேண்டும். பின்னால் வந்த பல அழகான உலகங்களில் இந்தக் கணக்கே இல்லை. உலகின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கிளிக்கில் போகலாம், எதுவும் கெட்டுப்போகாது.

அடுத்து வந்த மாரோவிண்ட் (2002) நேர் எதிர். ஒரே தீவு, கையால் செய்தது, டாகர்ஃபாலோடு வைத்துப் பார்த்தால் கடுகளவு. ஆனால் விளையாடும்போது பெரிதாகத் தெரியும். காரணம் எளிது: நடை மெதுவானது, பள்ளத்தாக்குகள் வளைந்து வளைந்து போகும், கொஞ்ச தூரத்துக்கு அப்பால் மூடுபனி. குவெஸ்டுக்கு அம்புக்குறி கிடையாது. பாலத்தைத் தாண்டு, பாறையைக் கண்டதும் வடக்கே திரும்பு என்று ஆட்கள் வாயால்தான் வழி சொல்வார்கள். தொலைதூரம் தெரிய வைக்கும் மோட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் நிரல்) போட்டுப் பாருங்கள், தீவு சட்டென்று சுருங்கிவிடும். குறையும் உண்டு. கடைக்காரர் இரவு பகலாகக் கல்லாவிலேயே நிற்பார், தூங்கப் போக மாட்டார்.

எனக்கு இவற்றைவிட நம்பும்படி இருப்பது ஜெர்மன்காரர்கள் செய்த கோதிக் (2001). மேப் மாரோவிண்டைவிடவும் சிறியது. ஆனால் அது ஒரு நாடு என்று அந்த கேம் சொல்லவே இல்லை. அது ஒரு சிறை. தாது வெட்டும் கைதிகள் தப்பாமலிருக்க மந்திரவாதிகள் எழுப்பிய தடுப்பு, கைமீறி அவர்களையும் சேர்த்து உள்ளே அடைத்துவிட்டது. உள்ளே கைதிகள் முகாம் முகாமாகப் பிரிந்திருக்கிறார்கள். அரசனுக்குப் போர் நடத்தத் தாது வேண்டும், பழைய முகாம்காரர்களுக்கு வெளியுலகப் பொருள் வேண்டும், ஆகவே பண்டமாற்று. புதிய முகாம்காரர்கள் நெல் பயிரிடுகிறார்கள், தாதுவைக் குவித்துவைத்துத் தடுப்பை உடைக்கப் பார்க்கிறார்கள். யார் எதைச் சாப்பிடுகிறார், ஏன் இங்கே இருக்கிறார் என்று கேட்டால் பதில் இருக்கிறது. ராத்திரி தூங்குகிறார்கள், நீங்கள் குடிசைக்குள் நுழைந்தால் வெளியே போ என்று மிரட்டுகிறார்கள். வைட்ரனில் பொய்யாகத் தெரிகிற ஆள் எண்ணிக்கை இங்கே இயல்பாக இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் பரப்பில் இல்லை, கதை என்ன அளவைச் சொல்லிக்கொள்கிறது என்பதில்தான்.

2018-இல் வந்த கிங்டம் கம்: டெலிவரன்ஸும் இதே ரகம். 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவின் ஒரு சிறு மூலை, சுமார் 16 சதுர கிலோமீட்டர். பெரும்பாலும் வயலும் காடும்தான். குட்டன்பெர்க் என்ற பெரிய நகரத்தை அதில் திணிக்காமல், 2025-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

பெரிய நகரம் வேண்டவே வேண்டாமா? வேண்டும் என்றால் விட்சர் 3-இன் (2015) நோவிகிராட் வழி இருக்கிறது: பாதிக்கு மேல் கதவுகள் திறக்காது, தெருவில் போகிறவர்களில் பலருக்குப் பெயர் கிடையாது. ஸ்கைரிம் ரசிகர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாக் கதவும் திறந்தால்தானே உள்ளே எத்தனை பேர் என்று எண்ணத் தோன்றும்?

எதை முதலில் தொடுவது என்றால், கோதிக்கின் கண்ட்ரோல்கள் முதல் ஒரு மணி நேரம் படுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். டாகர்ஃபாலை 2009-லேயே இலவசமாக்கிவிட்டார்கள். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ரசிகர்கள் மறுபடி கட்டிய பதிப்பில் விளையாடுவது உத்தமம். மாரோவிண்டில் அந்தத் தொலைதூர மோடை மட்டும் முதல் தடவை போட வேண்டாம்.