சாபம் விட்ட ஆடும் நாங்க வாங்கின 7 ஆடும்: ஹைஃபர் ஆடு தானம், என் ரிவ்யூ

ஹைஃபர்னு ஒரு அமைப்பு, நாம பணம் குடுத்தா ஏழை நாட்டு குடும்பங்களுக்கு ஆடு மாடு குடுப்பாங்க. மொதல்லயே மார்க் சொல்லிடுறேன், 5க்கு 4. அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு கீழ வருது, அவசரத்துல இருக்கவங்க இதோட கெளம்பலாம்.

நான் இருக்கிறது சிகாகோ பக்கம். இந்த ஊர்ல பேஸ்பால் பாக்குறவங்ககிட்ட ஆடுன்னு சொன்னா மூஞ்சி மாறிடும். 1945 அக்டோபர் 6, வேர்ல்ட் சீரிஸ்னு சொல்ற பேஸ்பால் ஃபைனல் தொடர்ல நாலாவது மேட்ச், எங்க ஊர் கப்ஸ் டீமோட ரிக்லி ஃபீல்ட் மைதானம். பில்லி சையானிஸ்னு ஒரு கிரேக்கக்காரர், இங்க பார் நடத்தினவர், தன்னோட ஆட்டையும் ஓட்டிக்கிட்டு மேட்ச் பாக்க வந்துட்டார், ஆட்டுக்கும் சேத்து டிக்கெட் எடுத்து வச்சிருந்தாராம், ஆட்டு பேரு மர்ஃபி. நாத்தம் தாங்கலன்னு வெளிய போகச் சொல்லிட்டாங்க. மனுஷன் கடுப்புல இந்த கப்ஸ் டீம் இனிமே ஜெயிக்கவே ஜெயிக்காதுன்னு சாபம் விட்டுட்டு போயிட்டாராம். அந்த சீரிஸ டெட்ராய்ட் டைகர்ஸ்கிட்ட தோத்தாங்க, அதுக்கப்புறம் 2016 வரைக்கும் வேர்ல்ட் சீரிஸ் பக்கமே எட்டிப் பாக்கல. அதுக்கு முன்னாடி கடைசியா சாம்பியன் ஆனதே 1908ல தான்.

2016 சீசன் ஆரம்பத்துல எங்க ஆபீஸ் லன்ச் டேபிள்ல இந்தப் பேச்சு வந்துச்சு. 2011லயே கப்ஸ் ரசிகர்கள் சிலர் சேந்து ரிவர்ஸ் த கர்ஸ்னு ஒண்ண ஆரம்பிச்சு ஏழை நாட்டு குடும்பங்களுக்கு ஆடு வாங்கிக் குடுக்க பணம் திரட்டுனாங்க, அடுத்த வருஷம் வேற சில பேரு அரிசோனாவுல இருந்து ரிக்லி ஃபீல்ட் வரைக்கும் ஒரு ஆட்டோட நடந்தே வந்து கேன்சர் ஆராய்ச்சிக்கு பணம் சேத்தாங்க. எங்க டேபிள்ல ஒரு பெரியவர், மூணு தலைமுறையா கப்ஸ் ஃபேன், ஆட்டால வந்த சாபத்த ஆட்ட வச்சு தானே தீக்கணும்னார். எனக்கு நம்ம ஊர் பரிகாரம் மாதிரியே பட்டுச்சு, திருநள்ளாறு போய் எள்ளு தீபம் போடுறமே அந்தக் கணக்கு தான்.

முடிவு என்னன்னா கப்ஸ் ஜெயிக்கிற ஒவ்வொரு மேட்சுக்கும் ஆளுக்கு 1 டாலர், நாங்க 8 பேர், சீசன் முடிஞ்சதும் மொத்தமும் ஆட்டுக்கு. 2012ல 101 மேட்ச் தோத்த டீம் தான் இது, ஆனா 2015லயே 97 ஜெயிச்சுட்டாங்க, அதனால பர்ஸ் அடி வாங்கும்னு தெரிஞ்சே தான் தலையாட்டினோம். ஜெயிச்ச அன்னிக்கு ஸ்கோர்போர்டு மேல வெள்ளைத்துணில நீலக் கலர்ல டபிள்யூ போட்ட கொடி ஏத்துவாங்க, அந்த போட்டோவ யாராவது குரூப்ல போட்டா போதும், ஆளுக்கு ஒரு டாலர் கடன் ஏறிடுச்சுன்னு அர்த்தம்.

அந்த வருஷம் 103 ஜெயிச்சாங்க. அப்ப ஹைஃபர்ல ஒரு ஆடு 120 டாலர். அதுக்கப்புறம் சாம்பியனுக்காக நடக்குற ப்ளேஆஃப்ல இன்னும் 11, ஆக ஆளுக்கு 114. சீசன் பூரா ஜெயிச்சு சாம்பியன் ஆகியும் ஒத்த ஆளால ஒரு முழு ஆடு வாங்க முடியல, 6 டாலர் குறையுது, இத நெனச்சு இப்பவும் சிரிப்பேன். நவம்பர் 2 ஏழாவது மேட்ச் க்ளீவ்லாண்ட்ல நடந்துச்சு, 9 இன்னிங்ஸ் முடிஞ்சு டையா இருக்கும்போது மழை வந்து 17 நிமிஷம் நிறுத்திட்டாங்க, அந்த 17 நிமிஷம் எங்க ரூம்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல, பெரியவர் மட்டும் ஆட்டுக்கு காசு ரெடியா இருக்குல்லன்னு ஒரு தடவ கேட்டார். 10வது இன்னிங்ஸ்ல 8க்கு 7னு கப்ஸ் ஜெயிச்சுட்டாங்க. கடைசிப் பந்த கப்ஸ் ஆளு கிரிஸ் பிரையண்ட் எடுத்து வழுக்கிக்கிட்டே இன்னொரு ஆளு ரிஸ்ஸோவுக்கு எறிஞ்சப்ப எங்க ஊர்ல மணி ராத்திரி 12க்கு கொஞ்சம் முன்னாடி, பெரியவர் அழுதுட்டார்.

சரி ரிவ்யூக்கு வருவோம். 8 பேர் 114, மொத்தம் 912. ஹைஃபர் இன்டர்நேஷனல் வெப்சைட்ல ஆன்லைன் கடை மாதிரியே இருக்கும், ஆடு, பசு, தேனீ, கோழிக்குஞ்சு, முயல்னு படத்தோட வெல. ஆட்டுக்கு பக்கத்துல எண்ணிக்கை 7னு போட்டு கார்ட்ல சேக்கும்போது சோப்பு வாங்குற மாதிரி இருந்துச்சு. 840 போச்சா, மிச்சம் 72ல 20 டாலர் கோழிக்குஞ்சு மூணு செட்டு, அப்புறம் 10 டாலருக்கு ஆட்டுல பங்கு மட்டும் வாங்கலாம்னு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் ஒண்ணு. மீதி 2 டாலர் இன்னும் என் டிராயர்ல தான் கெடக்கு. முழு ஆடு வாங்க காசில்லாத பசங்களுக்கு அந்த பங்கு சிஸ்டம் ரொம்ப நல்ல ஐடியா. பேமெண்ட் தொல்லையில்லாம போச்சு, வருமான வரிக்கு காட்ட ரசீதும் உடனே வந்துருச்சு.

இது நேத்து முளைச்ச அமைப்பு இல்ல. டேன் வெஸ்ட்னு இந்தியானா மாநிலத்து விவசாயி, ஸ்பெயின் உள்நாட்டுப் போர் சமயத்துல அங்க நிவாரண வேலைக்கு போனவர், குழந்தைங்களுக்கு டம்ளர் டம்ளரா பால் ஊத்தி ஊத்தி பாத்துட்டு, பாலக் குடுக்குறதுக்கு பதிலா மாட்டையே குடுத்துட்டா என்னன்னு யோசிச்சவர். 1944ல மொத தடவையா கிடேரிகள கப்பல்ல ஏத்தி போர்ட்டோ ரிக்கோவுக்கு அனுப்பினாங்க. ஹைஃபர்ங்கிற வார்த்தைக்கே அர்த்தம் கிடேரி தான். இப்ப தலைமை ஆபீஸ் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக்ல.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது குட்டிய அடுத்த குடும்பத்துக்கு குடுக்குற ஏற்பாடு. ஆடு வாங்கின குடும்பம் அது ஈனுற மொதல் பொட்டைக் குட்டிய வளத்து இன்னொரு ஏழைக் குடும்பத்துக்கு குடுக்கணும். எங்க சிவகங்கை பக்கம் ஆட்ட வாரத்துக்கு விடுவாங்க தெரியுமா, ஆடு வச்சிருக்கவர் இல்லாதவங்ககிட்ட மேய்க்க விடுவார், பொறக்குற குட்டில பாதி அவருக்கு. இங்கயும் அதே கணக்கு, ஆனா குட்டி குடுத்தவன் வீட்டுக்கு திரும்பி வராது, பக்கத்து வீட்டுக்கு போகும். வாங்குன கையே குடுக்குற கையா மாறுது பாருங்க, அந்த மரியாதைக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

ஹானர் கார்டுனு ஒண்ணு தராங்க, யார் பேர்ல வேணா ஆடு குடுத்ததா அச்சடிச்சு அனுப்பலாம். நான் அம்மா பேருக்கு ஒண்ணு எடுத்து பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப குடுத்தேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு படத்தையே பாத்தாங்க.

"தம்பி, இது பொட்டையா கிடாயா?"

"பொட்டை தாம்மா."

"சினையா இருக்கா?"

"தெரியலம்மா."

"கொட்டில் இருக்காமா அவுகளுக்கு? கோடையில என்னத்த மேயும்? ஆட்டுக்கொல்லி வந்தா ஊசி போட யாரு இருக்கா?"

நான் முழிச்சேன். நம்புவீங்களான்னு தெரியல, பெரிய பெரிய பொருளாதார ஆராய்ச்சில கேக்குற கேள்வியும் இதே தான். 2015ல சயின்ஸ் பத்திரிகைல பானர்ஜி, டுஃப்லோ அப்புறம் இன்னும் பல பேர் சேந்து எழுதின ஆய்வு வந்துச்சு, 6 நாட்டுல பத்தாயிரத்துக்கும் மேல ஏழைக் குடும்பங்கள். கால்நடையோட சேத்து பயிற்சி, கொஞ்ச நாளைக்கு சாப்பாட்டுச் செலவு, சேமிப்பு, வீட்டுக்கே வந்து பாக்குற ஆளுனு எல்லாம் குடுத்த எடத்துல திட்டம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சும் குடும்பம் நல்லா இருந்துச்சு. ஹோண்டுராஸ்ல மட்டும் குடுத்த கோழிங்க நோய்ல செத்துப்போயி திட்டம் படுத்துருச்சு. கானாவுல வெறும் ஆட்ட மட்டும் குடுத்து பாத்தாங்க, பெருசா எதுவும் மாறல. எங்க அம்மா கையால ஆடு வளத்தவங்க, ஆய்வெல்லாம் படிக்காமயே வெறும் ஆடு பத்தாதுன்னு தெரியும். நம்ம ஊர்ல 2011ல விலையில்லா ஆடு திட்டத்துல வீட்டுக்கு 4 ஆடு வந்துச்சுல்ல, பக்கத்து வீட்டு அத்தை அத வச்சு ஒரு மந்தையே சேத்தாங்க, ஏன்னா அவுகளுக்கு எந்த குழை தின்னா வயிறு உப்பும், எந்த மாசம் குட்டி தங்கும்னு எல்லாம் அத்துப்படி.

அதனால தான் ஹைஃபருக்கு 4 ஸ்டார். ஆட்ட மட்டும் கைல குடுத்துட்டு ஓடிடல. அவங்க வெலையில ஆட்டோட பயிற்சி, கொட்டில், வைத்தியம்னு எல்லாம் சேத்தி தான். நேபாளத்துல இவங்க ஆட்டு வேலை நெறைய நடக்குது, பொம்பளைங்க குழு குழுவா சேந்து வளக்குறாங்க, நம்ம மகளிர் குழு மாதிரி. மேய விடாம பரண் போட்டு தழைய வெட்டிப் போடுற முறையும் சொல்லித் தராங்க, அதுல வெள்ளாமையும் தப்பிக்கும்.

இப்ப அந்த போன ஸ்டார். வெப்சைட்ல அடில சின்ன எழுத்துல ஒண்ணு இருக்கும், நீங்க வாங்குறது அடையாளத்துக்கு தான், பணம் மொத்த வேலைக்கும் எங்க தேவையோ அங்க போகும்னு. அதாவது நான் வாங்கின 7 ஆடும் ஏழு கொட்டில்ல நிக்கிதுன்னு அர்த்தமில்ல. மறைக்கல, சொல்லித்தான் இருக்காங்க, நடைமுறைல அதுதான் சரியும் கூட, ஏன்னா ஒரு ஊருக்கு ஆட்ட விட கிணறு முக்கியமா இருக்கலாம். ஆனா அவ்ளோ பெரிய ஆட்டுப் படத்த போட்டு வித்துட்டு இத எள்ளு சைஸ்ல போடுறது எனக்கு ஒப்பல. படத்துக்கு பக்கத்துலயே நல்லா தெரியுற மாதிரி போடுங்கப்பா. அப்புறம் ஒரு ஆடு வருஷத்துக்கு ஒரு டன் பால் தரும்ங்கிற மாதிரி வரியெல்லாம் வெளிநாட்டுக் கறவை ஆட்டுக்கு சரியா இருக்கலாம், நம்ம கொடி ஆடும் கன்னி ஆடும் குட்டிக்கு போக ஒரு டம்ளர் மிஞ்சினா பெரிசு, அம்மாகிட்ட சொன்னா அடிச்சே போட்டுருவாங்க.

ஒப்பிட்டு பாக்கணும்னு இன்னொரு வருஷம் வேற ஒரு சின்ன சைட்ல வாங்கினோம், பேரு வேணாம். வெல பாதி தான். ஒரு மாசம் கழிச்சு உங்க ஆடுனு ஒரு போட்டோ வந்துச்சு, குரூப்ல மூணு பேருக்கும் அதே ஆடு, அதே வேலி, காதுல அதே வெட்டு. பயிற்சி உண்டா, ஊசி உண்டான்னு கேட்டு மெயில் போட்டா பதிலே இல்ல. எங்க ஆபீஸ்ல நாம குடுக்குற நன்கொடைக்கு சமமா கம்பெனியும் போடுற வசதி இருக்கு, அதுக்கு ஃபார்ம் நிரப்பி நாலு மாசம் அலஞ்சது தனிக்கதை, ஆனா வந்துச்சு. உங்க கம்பெனில அது இருக்கான்னு மொதல்ல கேளுங்க, ஒரு ஆடு ரெண்டாகும்.

இந்த ஏற்பாட்ட நாங்க இன்னும் விடல. 2020ல மொத்தமே 60 மேட்ச், 34 தான் ஜெயிச்சாங்க, 272 டாலர், ரெண்டு ஆடும் ஒரு தேனீ செட்டும் தான் வாங்க முடிஞ்சுது. பெரியவர் ரிட்டயர்டு ஆகிட்டார், இருந்தும் வருஷா வருஷம் செக் அனுப்பிடுவார்.

அம்மா அந்த கார்ட சாமி படத்துக்கு பக்கத்துல ஒட்டி வச்சிருக்காங்க. போன் போட்டா ரெண்டு மூணு தடவைக்கு ஒருக்க "நம்ம ஆடு ஈண்டுருச்சா தம்பி"ன்னு கேப்பாங்க. சின்ன எழுத்து சமாச்சாரத்த நான் இன்னும் சொல்லல. ஈண்டுருச்சும்மா, ரெட்டைக் குட்டின்னு சொல்லி வச்சிருக்கேன், போன வாரம் அதுல பொட்டை எத்தனைன்னு கேட்டாங்க.