சோலார், பேட்டரி, சாண எரிவாயு: மதுரைப் பக்கத்துக் கிராம வீடுகளில் எது நின்று உழைக்கிறது?

சோலார் போடலாமா என்று கேட்டால், முதலில் இபி கார்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எப்படியும் இலவசம். அதைத் தாண்டாத வீட்டில் சோலாரால் மிச்சப்பட ஒன்றுமில்லை. 400, 500 யூனிட் ஓடுகிற வீட்டுக்குத்தான் கணக்குக் கட்டும். 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 2024-இல் வந்த மத்திய அரசின் வீட்டு சோலார் திட்டமான சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம்.

விற்பவர்கள் பலர் வாய் திறக்காத சங்கதி ஒன்று உண்டு. பேட்டரி இல்லாமல் இபி லைனோடு இணைத்து ஓடும் ஆன்கிரிட் சோலார், கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. கரண்ட் கட்டுக்காகச் சோலார் தேடுபவர் பேட்டரிக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

12 வோல்ட், 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியில் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். அந்தப் பாதியில் சாதாரண ஃபேன் இரண்டும் எல்இடி பல்பு மூன்றும் நாலரை மணி நேரம் ஓடும். கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் அதே பேட்டரி ஒன்பது மணி நேரம் தாங்கும். ஆகவே இரண்டாவது பேட்டரிக்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு தகட்டைத் தின்றுவிடும். தகரக் கொட்டகைக்குள் வைத்தால் சூட்டிலேயே சீக்கிரம் போய்விடும்.

மதுரைக்குப் பேனல் தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வில் இருந்தால் போதும். அடியில் காற்றோட்டம் வேண்டும்: பேனல் 65 டிகிரிக்குச் சூடானால் உற்பத்தியில் ஏறக்குறைய 15 சதவீதம் போச்சு. சித்திரை வெயிலை நம்பிக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இதில்தான். தென்னை மட்டை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசை முழுக்க உற்பத்தி குறையும். பேனல் கழுவுவதை விடியற்காலையில் வைத்துக்கொண்டு, உடனே துடைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு பிடிக்கும். திருமங்கலம், பேரையூர் கரிசலில் கோடையில் நிலம் வெடித்து எர்த் கம்பி மண்ணைவிட்டு விலகும். வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழிக்குப் போகட்டும்.

வீட்டுக் காற்றாலை இங்கே வேண்டாம். முப்பந்தலிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் கணவாய்க் காற்று உண்டு, நமக்கு இல்லை.

மாடு இருந்தால் சாண எரிவாயுக்குத்தான் எங்கள் ஓட்டு. நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும், செங்கல்லால் கட்டும் தீனபந்து வகைக் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். கட்டிப்போட்டு வளர்க்கும் மாடு நான்கைந்து தேவை. மேய்ச்சல் மாட்டின் சாணத்தில் பாதி காட்டிலேயே போய்விடும். தொழுவத்தைப் பினாயில் போட்டுக் கழுவிய தண்ணீர் உள்ளே போனால் நுண்ணுயிர் செத்து வாயு நின்றுவிடும். அடுப்பு துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் தண்ணீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். தாழ்வான இடத்தில் வடிகுழாய் வைத்துத் திறந்துவிடுங்கள். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டாதீர்கள், அதன் துளை இந்த வாயுவுக்குச் சிறியது.