மச்சு பிச்சுவுக்கு எந்த வழி? இன்கா பாதையும் சல்கான்தாயும் தண்டவாள நடையும்

பெரு நாட்டுக் குஸ்கோ நகரில், முதுகுப்பையோடு வருகிறவர்கள் தங்கும் விடுதி எதற்குள் நுழைந்தாலும் மாலையில் ஒரே வழக்குதான் நடக்கும்: ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் கட்டிய மலைநகரான மச்சு பிச்சுவுக்கு எந்த வழியாகப் போவது? இரண்டு பயணங்களில் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டதால் இந்த வழக்கில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. நண்பர்களோடு போகிறவர்களுக்கான பதில் அது.

முதலில் பெயர் பெற்ற இன்கா பாதை. 82ஆம் கிலோமீட்டர் என்று அழைக்கப்படும் ரயில் பாதையோர இடத்தில் தொடங்கி, சுமார் 43 கிலோமீட்டர், நான்கு நாள் நடை. ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் அந்தக் கணக்கில் அடக்கம் என்பதால், பயணிகளுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 200 இடங்கள். உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக முடியும். பிப்ரவரி முழுவதும் பாதை மூடிக் கிடக்கும். மே முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களுக்குப் பல மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும்.

எங்களைக் கடித்தது இதில் வேறொரு விதி. அனுமதிச் சீட்டு அவரவர் பாஸ்போர்ட்டோடு பிணைக்கப்பட்டது; ஒருவர் இடத்தில் இன்னொருவரைச் சேர்க்க முடியாது. ஐந்து பேராகப் பதிவு செய்திருந்தோம். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு ஒருவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவனுக்குப் பதிலாக வர இன்னொரு நண்பன் பெட்டியே கட்டிவிட்டான். பயனில்லை. கட்டிய பணம் போயிற்று. நான்கு பேராக நடந்தோம்.

நடந்ததில் குறையொன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஏறும் கணவாய் 4,215 மீட்டர். கெச்சுவா மொழியில் அதன் பெயருக்கு ‘இறந்த பெண்’ என்று பொருள்; கீழிருந்து பார்த்தால் மலைமுகடு படுத்திருக்கும் பெண்ணைப் போலத் தெரியும். ஏறும்போது பெயர் வேறு காரணத்தால் வந்திருக்குமோ என்று தோன்றும். அதைத் தாண்டினால் இன்காக்கள் பாவிய கல் பாதை, பாறையைக் குடைந்த சுரங்கம், மேகத்துக்குள் ஒளிந்து விளையாடும் இடிபாடுகள். நான்காம் நாள் காலை இந்தி புங்கு என்னும் சூரிய வாசலில் நின்று மச்சு பிச்சுவைக் கீழே பார்க்கலாம். மற்ற வழிகளில் வருகிறவர்கள் கீழிருந்து மேலே ஏறி வருகிறார்கள். இந்த வழியில் மட்டும் அந்தப் பழைய நகருக்குள் மேலிருந்து இறங்குகிறோம். அந்த ஒரு காட்சிக்கு மற்ற இரண்டு வழிகளிடமும் பதில் இல்லை.

ஆனால் அந்தப் படிகளில் பொதி விலங்குகளை விடுவதில்லை. கூடாரம், சமையல் எரிவாயு, நம் தட்டு வரை எல்லாம் மனித முதுகில்தான் போகிறது. டயர் ரப்பரில் செய்த செருப்போடு சுமைதூக்கிகள் நம்மைக் கடந்து ஓடும்போது ஒதுங்கி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. மூச்சு வாங்குவதைவிட அந்தக் கூச்சம்தான் எனக்கு அதிகமாக இருந்தது.

இரண்டாவது வழி சல்கான்தாய்ப் பனிமலையை ஒட்டிப் போவது. அதில் சுமையை எடுத்துப் போவது கோவேறு கழுதைகள். அனுமதிச் சீட்டு வேண்டாம், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இல்லை, வேண்டுமானால் வழிகாட்டி இல்லாமலே நடக்கலாம். சுமார் 70 கிலோமீட்டர், நான்கு அல்லது ஐந்து நாள். அதற்காக எளிது என்று நினைத்துவிடக் கூடாது: கணவாயின் உயரம் 4,630 மீட்டர், இன்கா பாதையைவிட 400 மீட்டருக்கு மேல் கூடுதல். தலைக்கு மேலே 6,271 மீட்டர் பனிமலை. சோராய்பம்பா முகாமில் விடியற்காலை கோகா இலைத் தேநீர்க் குவளையைக் கையில் வாங்கியபோது, கூடாரத் துணியின் மேல் படிந்திருந்த பனியை நகத்தால் சுரண்ட முடிந்தது. அன்று மாலையே 2,900 மீட்டருக்கு இறங்கி, ஈரக் காட்டு ஓரத்தில் கொசுக்கடியைச் சொறிந்துகொண்டிருந்தோம். ஒரே நாளில் இரண்டு பருவங்கள். அடுத்த நாள் காப்பித் தோட்டங்கள், சாண்டா தெரசா பக்கத்து வெந்நீர்க் குளங்கள். இன்கா இடிபாடுகள் குறைவுதான். லாக்டாபாட்டாவில் ஒன்று உண்டு. அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு அப்பால் மச்சு பிச்சு சிறு கீறலாகத் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்கா பாதையின் அனுமதியில் மச்சு பிச்சு நுழைவும் சேர்ந்தே வரும். சல்கான்தாயில் அப்படி இல்லை. நாளும் நேரமும் குறித்த டிக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டும். நடையைத் திட்டமிட்டுவிட்டு டிக்கெட்டை மறந்து வருகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள்.

மூன்றாவது வழியான தண்டவாள நடையை மலையேறிகள் ஏளனமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குஸ்கோவிலிருந்து வேனில் ஆறேழு மணி நேரம். வழியில் வீட்டு வாசலில் நீண்ட கழியின் நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தால் உள்ளே சிச்சா என்னும் சோள மது கிடைக்கும் என்று பொருள். 4,316 மீட்டர் உயர அப்ரா மலாகா கணவாயைத் தாண்டி இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னல் பக்கம் உட்காராமல் இருப்பது வயிற்றுக்கு நல்லது. மழைக்காலத்தில் மண்சரிவு உண்டு. அப்போது இதை நம்ப வேண்டாம். இத்ரோஎலெக்ட்ரிகா என்னும் நீர்மின் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டி, ஆற்றோரமாக, வாழை மரங்களுக்கு நடுவே பத்து கிலோமீட்டர் சமதள நடை. மச்சு பிச்சுவின் அடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியன்டெஸ் வர மூன்று மணி நேரம் ஆகும். மூன்றிலும் செலவு குறைந்தது இதுதான். இன்கா பாதைக்கு ஆளுக்கு 600 டாலராவது எடுத்து வைக்க வேண்டும். சல்கான்தாய்க் குழுவில் சேர்ந்தால் அதில் பாதியளவில் முடித்துக்கொள்ளலாம்.

ரயில் என்றொரு வழியும் இருக்கிறது. வசதியானது, விலை அதிகம், சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

நண்பர்களோடு என்றால் என் ஓட்டு சல்கான்தாய்க்கு. இரண்டாம் பயணத்தில் எங்களில் ஒருத்திக்கு 3,400 மீட்டர் உயரக் குஸ்கோவிலேயே தலை சுற்றி வாந்தி. இன்கா பாதையாக இருந்தால் அவளுடைய இடம் அப்படியே வீணாகியிருக்கும். சோராய்பம்பாவில் குதிரை எடுத்துக் கணவாயைக் கடக்கலாம் என்றோம்; உட்கார்ந்து போனாலும் உயரம் உயரம்தானே என்று மறுத்துவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. நாங்கள் மூவரும் நடக்க, அவள் குஸ்கோவில் ஓய்வெடுத்துவிட்டு வேனில் வந்து, தண்டவாள நடையை முடித்து, நான்காம் நாள் மாலை எங்களுக்கு முன்பே அகுவாஸ் காலியன்டெஸ் சதுக்கத்தில் காத்திருந்தாள்.

அந்த ஊர் 2,040 மீட்டர்தான். அவளுக்கு உடம்பு முழுவதும் தேறியிருந்தது. மறுநாள் விடியுமுன் நாங்கள் மூவரும் முழங்காலைத் தடவிக்கொண்டு மச்சு பிச்சுவுக்கு ஏறும் பஸ் வரிசையில் நின்றோம். அவள் படியேறிப் போனாள்.