டவுனில் அறையா, லயத்தில் பாயா? மலையகத்தில் சொந்தம் தேடிப் போகிறவர்களுக்கு

இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பிரித்த 1964 ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பாதிச் சொந்தம் இன்னும் இலங்கை மலையகத்தில்தான். அண்ணன் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருப்பார், தங்கை இலங்கைக்கு. ஒருவர் மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார். இன்னொருவர் ஹட்டன் பக்கமே தங்கிவிட்டார். இப்போது பேரப்பிள்ளைகள் தேடிப் போகிறார்கள். போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அறை எடுத்து வேன் பிடித்துச் சுற்றுவதா, தொடர்பில் இருக்கிற ஒரு சொந்தக்காரர் வீட்டில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலேயே தங்குவதா? நான் லயத்தில் தங்கினேன். பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

டவுன் அறையின் சௌகரியம் தெரிந்ததுதான். வெந்நீர், உள்ளேயே கழிவறை, யாருக்கும் தொந்தரவில்லாத தூக்கம். ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன், வாடகை ஏறும். அப்போது ஹட்டன் மேல். சொந்தங்கள் பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை என்று சிதறிக் கிடந்தால் வேன் இல்லாமல் முடியாது. இதையும் மறுக்கவில்லை.

ஆனால் தோட்டத்துக்கென்று ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது, அப்புறம் கொழுந்து பறிக்க மலைக்கு. கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு டவுனிலிருந்து கிளம்புகிறவர் பதினொரு மணிக்கு வந்து இறங்கினால், லயத்தில் பாதிக் கதவு பூட்டியிருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், கைக்குழந்தைகள் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில். ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர் வாசலில் இருப்பார். பிளேன்டீ வரும், போட்டோ எடுப்பார்கள். கூடை இறக்கிவிட்டுப் பெண்கள் மேலேறி வருகிற நேரத்தில் டிரைவர், "இருட்டுறதுக்குள்ள கீழ இறங்கிடணும் தம்பி" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பனி இறங்கினால் தோட்ட ரோடு அப்படி. ஆனால் பேச்சு தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

சொந்தம் தேடும் வேலைக்கு இந்தச் சாயங்காலம் ஏன் இவ்வளவு முக்கியம்? விலாசத்தை வைத்து ஒன்றும் ஆகாது. லயத்து வீடுகள் பெரும்பாலானவற்றுக்குத் தனி விலாசமே கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்துதான் போகும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆகி, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. பழைய கடிதத்தில் இருப்பது ஆங்கிலத் தோட்டப் பெயர், ஆட்கள் கூப்பிடுவது வேறொரு தமிழ்ப் பெயர். ஆள் பெயரைச் சொன்னாலும் அதே கதை: பதிவில் ஒன்று, வீட்டில் ஒன்று.

நான் தாத்தாவின் தங்கை பெயரைச் சொன்னபோது யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு பாட்டிதான், "உங்க ஆளுக யாரு கங்காணி பெரட்டு?" என்று கேட்டார். இங்கே பெரட்டு என்றால் ஒரு கங்காணியின் ஆட்கூட்டம். ஆள் சேர்த்து மேய்த்த அந்தக் கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும்தான் ஆள் கட்டிக்கொண்டு போனார்கள். அதனால் கங்காணி பெயர் கிடைத்தால் கூட வந்த குடும்பங்களும் கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் மட்டும் மறக்காமல் இருந்தது. பாட்டி ஒரு குடும்பத்தைச் சொன்னார், பக்கத்து வீட்டுப் பெரியவர் "அவங்க துறையூர்க்காரங்க, இது முசிறி" என்று மறுத்தார், எதிர் லயத்துக்காரர் வந்து இருவரையும் திருத்தினார். தங்கை மஸ்கெலியாப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனது அந்தச் சண்டையில்தான் வெளிவந்தது. மறுநாள் கொழுந்து மலையில் சேதி பரவி, தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து ஒரு அண்ணன் தானாகவே தேடி வந்தார். பகலில் ஒருவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

லயத்தின் கஷ்டமும் சின்னதல்ல. ஒரு காம்பரா (அறை), ஒரு குசினி (சமையலறை), அதில் ஒரு குடும்பம். கட்டிலை நமக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் தரையில் படுப்பார்கள். வேண்டாமென்றால் கோபம் வரும். ராத்திரிக் குளிர் நீலகிரிக் கூடலூர்க் குளிரைவிடக் கடுமை. நான் இருந்த லயத்தில் கழிவறை வெளியேதான், மழையில் சறுக்கும். இதையெல்லாம்விட எனக்கு உறுத்தியது அவர்களுடைய சம்பளம். விருந்தாளிக்காக வேலைக்குப் போகாமல் நின்றால் அன்றைக்குப் பேர் (நாள் சம்பளக் கணக்கு) இல்லை, பாதியில் இறங்கி வந்தால் அரைப்பேர். "நீங்க மலைக்குப் போயிட்டு வாங்க அக்கா, நான் எங்கேயும் போகல" என்று வற்புறுத்தி அனுப்ப வேண்டும். காசை நீட்டினால் வாங்க மாட்டார்கள். அரிசி, பருப்பு, மாசிக் கருவாடு, பிள்ளைகளுக்குக் கொப்பி (நோட்டு) எல்லாம் ஹட்டனிலேயே வாங்கிக்கொண்டு ஏறிவிடுங்கள்.

தீபாவளிக்கோ தோட்டத் திருவிழாவுக்கோ போவது இன்னொரு வழி. கொழும்பில் கடையிலும் வீடுகளிலும் வேலை செய்கிற இளசுகள் அப்போதுதான் ஊருக்கு வருவார்கள். நான் அந்த நாட்களில் போனதில்லை. போனவர்கள் எல்லோரையும் பார்த்ததாகவும், யாரோடும் உட்கார்ந்து பேச முடியவில்லை என்றும் சொல்கிறார்கள்.

வயதான அம்மாவையோ சின்னப் பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு போனால் லயத்திலேயே இருங்கள் என்று சொல்ல எனக்கே மனம் வராது. டவுனில் அறை எடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் தோட்டத்துக்கு ஏறி, வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். ஞாயிறு பெரும்பாலும் வேலை இருக்காது, யாருடைய பேரும் போகாது.