குழந்தைக்குக் காசா, பார்த்துக்கொள்ள ஆளா?

வடசென்னை காசிமேட்டில் எங்கள் எதிர்வீட்டு அக்கா விடியற்காலை மூன்று மணிக்கே அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு வயதுப் பையன் பாட்டி பக்கத்தில் தூங்குவான். பாட்டிக்கு முட்டி தேய்ந்துவிட்டது. பையன் எழுந்து தெருவுக்கு ஓடினால் பிடிக்க முடியாது. அதனால் கதவை வெளியே பூட்டி, சாவியை எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். இன்னொரு குழந்தை வேண்டாமா என்று அவரை ஒருமுறை கேட்டேன். "யாரு பாத்துப்பா?" என்றார். செலவைப் பற்றிப் பேசவே இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்றது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. 2021-ல் 13.6 சதவீதமாக இருந்த அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 2031-ல் 18.2 சதவீதமாவார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. மக்கள்தொகையை வைத்து எம்.பி. தொகுதிகளைப் பிரிக்கும் மறுவரையறைப் பேச்சு வந்த பிறகு, பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று அரசியல்வாதிகள் மேடையிலேயே சொல்கிறார்கள். சரி, பிறப்பு குறைந்து முதியோர் பெருகும் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்த நாடுகள் என்ன செய்தன?

தென்கொரியா காசை இறைத்தது. 2022 முதல் குழந்தை பிறந்ததுமே 20 லட்சம் வோன், அதற்கு மேல் மாதாமாதம் உதவித்தொகை. அப்படியும் 2023-ல் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்று இறங்கியது, அடுத்த ஆண்டு 0.75. ஹங்கேரியில் 2020 முதல் நாலு பிள்ளை பெற்ற தாய்க்கு வாழ்நாள் முழுக்க வருமான வரி கிடையாது. மீன் விற்கும் அக்காவுக்கு வருமான வரியே இல்லாதபோது இதில் என்ன கிடைக்கும்? நம்மூர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் நல்ல உதவிதான். ஆனால் அது பிரசவ காலத்துக்கு. அப்புறம் வரும் ஐந்து வருஷத்துக்கு?

ஸ்வீடன் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் உதவித்தொகையோடு விடுப்பு தருகிறது. பிறப்பு விகிதம் அங்கேயும் சரிந்திருக்கிறது, ஆனாலும் பெண் வேலையை விட வேண்டியதில்லை. நம் சட்டத்தில் 2017 முதல் 26 வாரம் உண்டு. ஆனால் ஏலக்கூடத்தில் யார் முதலாளி, யாரிடம் விடுப்பு கேட்பது?

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஜப்பான்தான். 2000-ல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு கொண்டுவந்தார்கள். நாற்பது வயதானவர்கள் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். தள்ளாமை வந்ததும், எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட்டு ஏற்பாடு செய்கிறார்கள். பெரும்பாலோர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். காலையில் வேன் வந்து பாட்டியை அழைத்துப் போகும், குளிப்பாட்டிச் சாப்பாடு போட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து விடும். பிள்ளைப்பேறு இதனால் கூடவில்லை. பராமரிக்க ஆள் பற்றாக்குறையும் பெரிய தலைவலி. ஆனாலும் கிழவியைப் பார்த்துக்கொள்வது மருமகளின் தலையெழுத்து என்று அந்த அரசு விட்டுவிடவில்லை.

நம் பக்கம் 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தால் பாட்டிக்குப் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வடசென்னைக்கு அது வரம், வெயிலில் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயானது. எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். ஜப்பான் மாதிரி சந்தா வசூலிக்க மாதச் சம்பளக்காரர்கள் இங்கே குறைவு, ஆகவே வரிப்பணத்திலிருந்துதான் செய்தாக வேண்டும்.

காசா ஆளா என்று கேட்டால் என் ஓட்டு ஆளுக்குத்தான். அங்கன்வாடி திறப்பதற்குள் காசிமேட்டில் பாதி மீன் விற்றுவிடும். ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் மூன்று மணிக்கே விளக்கு எரியும் ஓர் அறை வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு ஆயா, பெரியவர்களைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக இன்னொருவர், இருவருக்கும் ஒழுங்கான சம்பளம். அக்கா போகிற வழியில் பையனையும் பாட்டியையும் அங்கே விட்டுவிட்டுப் போகலாம், எங்கள் ஜன்னலில் சாவி வைக்க வேண்டியிருக்காது.