மஞ்சக்குப்பம் தட்டச்சுக் கடையில் கட்டற்ற மென்பொருள்: ஐந்தாண்டு அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு, வாடகை ஒப்பந்தம், விண்ணப்பம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து கொடுக்கும் சிறிய கடை நடத்துகிறேன். 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7க்கான ஆதரவு முடிந்தபோது, 4 ஜிபி ரேம் கொண்ட என் பழைய கணினியைக் கழித்துவிட மனம் வராமல், அவ்வாண்டிலேயே அதில் லினக்ஸ் மின்ட் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்தியது மட்டுமே செலவு. கடை வேலை இன்றும் அதே கணினியில்தான் நடக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்து, பழைய கணினியை என்ன செய்வது என்று பலரும் என்னைக் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

நாள் முழுவதும் என் கை இருப்பது வேர்டு போன்ற வேலைகளுக்கான கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆஃபீஸில். தமிழ் 99 விசைப்பலகையில், ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழுந்து ‘க்க’ வந்துவிடுவதால், ஒரு பக்க மனுவுக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மூன்று பக்க மனு ஒன்றின் நடுவில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டது. தானியங்கிச் சேமிப்பு இடைவெளியை மூன்று நிமிடமாகக் குறைத்து வைத்திருந்ததால், மின்சாரம் திரும்பியபின் கோப்பைத் திறந்தபோது கடைசிப் பத்தி மட்டுமே குறைந்திருந்தது. அந்த இடைவெளியைக் குறைத்து வைப்பதை யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

சிக்கல்களும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை வாடிக்கையாளர்கள் கொண்டு வந்தால், திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் இதுதான் நிலை என்பதால், அவற்றை எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியே வேலையைத் தொடங்குகிறேன். வேர்டில் அமைத்த அட்டவணைகள் சில நேரம் இடம் மாறிவிடும். எனவே இறுதிப் படியை எப்போதும் பிடிஎஃப்பாகவே அனுப்புகிறேன். அச்சுப்பொறி உடனே வேலை செய்தது, ஆனால் அதனுடன் இணைந்த ஸ்கேனரை இயங்கச் செய்ய இரண்டு நாள் ஆயிற்று. மின்னணுக் கையொப்பத்துக்கான டோக்கன் (பென்டிரைவ் போன்ற சிறு கருவி) இன்றுவரை இதில் இயங்கவில்லை. அந்த வேலைக்காக மட்டும் நண்பரின் விண்டோஸ் கணினியை நாடுகிறேன்.

புதிதாக முயல்வோர் இயங்குதளத்தை உடனே மாற்ற வேண்டியதில்லை. இப்போதுள்ள விண்டோஸிலேயே லிப்ரே ஆஃபீஸ், இணைய உலாவியான ஃபயர்ஃபாக்ஸ், படமும் பாட்டும் இயக்கும் விஎல்சி ஆகியவற்றை நிறுவிச் சில மாதம் பழகலாம். நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருபவை இவை. ஆகவே உங்களுக்குப் பிடித்துப்போனால் அண்டை வீட்டாருக்கும் தயக்கமின்றி நகலெடுத்துத் தரலாம். அதன்பின் லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வைஃபை, அச்சுப்பொறி, ஸ்கேனர் மூன்றையும் அந்நிலையிலேயே சோதித்து, ஒரு பக்கம் அச்செடுத்துக் கையில் பார்த்த பிறகு நிறுவலாமா என்று முடிவு செய்யுங்கள்.